வால் முளைத்த றிவோல்வர்

வீரம் தமிழரின் பிறப்புரிமை என்பது உலகறிந்த உண்மை. ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் அந்தப் பிறப்புரிமையைப் பயன்படுத்த நீண்ட படிவம் ஒன்றை நிரப்பி, படம் இணைத்து, பொலிசாருக்கு அனுப்பி, அவர்கள் வீடு தேடி வந்து திருப்திப்படும் வரை காத்திருக்க வேண்டும் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இந்த அரிய உண்மையைத் தன் உடலை வருத்திக் கண்டறிந்து இனத்துக்கு வழங்கியவர் ஹரோவில் வசிக்கும் திருவாளர் கனகலிங்கம். அவரைப் பற்றி எழுதப் பேனை எடுத்தாலே கை தானாகக் கும்பிடுகிறது.

கனகலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கவுன்சிலின் பார்க்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தண்டச் சீட்டு வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளைப் படித்து, "உங்கள் காரணம் போதுமான காரணமாக இல்லை" என்று பதில் எழுதுவதே அங்கு அவருடைய பணி. ஒருமுறை ஒரு பெண் பிரசவ வலியில் இரட்டை மஞ்சள் கோட்டில் காரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடியிருந்தார். "பிரசவம் ஒன்பது மாத முன்னறிவித்தலுடன் வரும் நிகழ்வு" என்று கனகலிங்கம் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்களாம். அவரே சொன்னது.

இப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய கதையைக் கேளாதவர்கள். ஹரோவில் அப்படி எவரும் மிச்சமில்லை. பிறந்தநாளோ, சாமத்தியவீடோ, அந்தியேட்டியோ, எதுவானாலும் சாப்பாடு முடிந்ததும் கதிரையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவர் தொடங்குவார்.

"எண்பத்தேழாம் ஆண்டு. ஐப்பசி மாசம். ஊரில வீட்டை வளைச்சுப் போட்டாங்கள். ஆமிக் கப்டன் ஒருத்தன் சப்பாத்தோட உள்ள வந்தான். றிவோல்வரை எடுத்து இதில வைச்சான்." சுட்டுவிரல் நெற்றியின் நடுவுக்குப் போகும். "பூட்டியிருந்த அலுமாரின்ர திறப்பு எங்க எண்டு கேட்டான். ஒருக்கால் கேட்டான். ரெண்டாந்தரம் கேட்டான். நான் சொல்லேல்ல."

"அலுமாரிக்குள்ள என்ன அண்ணை இருந்தது?" என்று கொட்வின் கேட்பார். கொட்வின் மன்னார்க்காரர், ஹரோ தமிழர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர், இந்தக் கேள்வியை இருபது வருடமாக உரிய இடத்தில் பிசகாமல் கேட்டு வருபவர்.

"அதை அவனுக்கும் சொல்லேல்ல. உனக்கும் சொல்ல மாட்டன்."

சபை மூச்சு விடும். மனைவி தவமலர் மட்டும் இந்த இடம் வந்ததும் எழுந்து, தேத்தண்ணி வைக்க வேணும் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுவார். அடுத்த வீட்டு விருந்தானாலும் அவர்களுடைய குசினிக்குள் போய்விடுவார். கணவனின் வீரத்தை அவ்வளவு கிட்ட நின்று தாங்கும் சக்தி எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் கனகலிங்கம் அறிவித்தார். "அண்டைக்கு எனக்கு நேர பிடிச்ச சாமான். ஒரு நாளைக்கெண்டாலும் என்ர கையில பிடிக்க வேணும்." அவர் விரும்பியது சாதாரண றிவோல்வர் அல்ல, வலுக்கூடிய குண்டு போடும் மக்னம். அதிலும் 'சிங்கிள் அக்‌ஷன்'. அதாவது ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். இழுக்காவிட்டால் எவ்வளவு அமத்தினாலும் சுடாது. "இது யோசிச்சுச் சுடுறவன்ர ஆயுதம்" என்பார் கனகலிங்கம். ஒரு நாளைக்கு எண்பது முறையீடுகளை யோசிக்காமல் நிராகரித்தவருக்கு இந்த வயதில் அப்படியொரு ஆசை வந்தது போற்றத்தக்கதே.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கத் தடை. ஆனால் எது கைத்துப்பாக்கி என்பதைச் சட்டம் அளவுநாடா வைத்துத் தீர்மானித்திருக்கிறது. குழல் ஓரடியும் மொத்த நீளம் இரண்டடியும் இருந்துவிட்டால் அது கைத்துப்பாக்கி ஆகாது. ஆகவே நாட்டின் துப்பாக்கிப் பிரியர்கள் றிவோல்வரின் குழலை முன்னுக்கு நீட்டி, அப்படியும் அளவு போதாமல் போகவே, கைப்பிடியின் அடியில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியை வால் போலப் பொருத்திவிட்டார்கள். அந்த வால் சுடுவதற்கு உதவாது. பிடிப்பதற்கும் உதவாது. சட்டத்தின் மனச்சாட்சிக்காக மட்டும் அது தொங்குகிறது. இடுப்பில் செருக முடியாத, உறையிலிருந்து உருவ முடியாத, காருக்குள் ஏற்றும்போது கதவில் இடிபடும் இந்த றிவோல்வரை முதன்முதலில் கண்டபோது கனகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எவருக்கும் ஆபத்தில்லாத வீரம் என்ற ஒன்றை அவர் அதுவரை மேசையில் மட்டுமே அனுபவித்திருந்தார். இப்போது அது இரும்பில் கிடைத்தது.

மெட்ரோபொலிற்றன் லைனின் கடைசி ஸ்ரேஷனையும் தாண்டி, உள்நாட்டு அமைச்சு அங்கீகரித்த சுடுகழகம் ஒன்றில் அவர் சேர்ந்தார். ஆறு மாதம் தகுதிகாண் காலம். கழகச் செயலாளர் ஓய்வுபெற்ற பிளம்பர், பொறுமைசாலி. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டி, கழகத்தின் றிவோல்வரைக் கையில் கொடுத்து, "சுத்தியலை இழுங்கள், மூச்சை விடுங்கள், மெல்ல அழுத்துங்கள்" என்றார். கனகலிங்கம் சுத்தியலை இழுத்தார். மூச்சை விட மறந்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

கட்டடம் தும்மியது. கண் திறந்தபோது றிவோல்வர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய இலக்குத்தாள் அச்சகத்திலிருந்து வந்த மேனியாகவே இருந்தது. பக்கத்துப் பாதையில் சுட்டுக்கொண்டிருந்த பல்வைத்தியரின் தாளில் மட்டும் ஒரு துளை கூடியிருந்தது. "ஒன்பது புள்ளி," என்றார் பல்வைத்தியர் நன்றியோடு.

"குறி பிழைக்கேல்ல," என்று அன்று பின்னேரம் கொட்வினுக்கு விளக்கினார் கனகலிங்கம். "பாதைதான் பிழைச்சுப் போச்சு. ஆமியும் எப்பவும் பக்கத்து வீட்டுக்குத்தானே அடிக்கிறவன்."

ஆறு மாதம் முடிந்தது. படிவம் வந்தது. அதில் ஒரு பெட்டி: 'துப்பாக்கி வைத்திருப்பதற்கான நல்ல காரணம்'. பிறருடைய காரணங்களை இருபத்திரண்டு வருடம் எடைபோட்டவர், முதன்முறையாகத் தன்னுடையதை எழுத உட்கார்ந்தார். முறத்தால் புலியை விரட்டியதில் தொடங்கி, நெற்றியில் வைத்த றிவோல்வர் வரை நான்கு பக்கம். சுடுகழகச் செயலாளர் அதை வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, 'இலக்குச் சுடுதல்' என்று இரண்டு சொல் எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது சாட்சிகள். விண்ணப்பதாரரை இரண்டு வருடமாவது அறிந்த, ஆனால் உறவினர் அல்லாத இருவர் நற்சான்று தர வேண்டும். ஹரோவில் கனகலிங்கத்துக்கு உறவில்லாத தமிழரைத் தேடுவது கடலுக்குள் உப்பில்லாத இடத்தைத் தேடுவது மாதிரி. பேசத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் ஒரு மாமி வந்துவிடுவார். கடைசியில் மன்னார்க் கத்தோலிக்கரான கொட்வின் ஒருவர்தான் எந்த வழியாலும் சொந்தமில்லை என்று உறுதியானது. அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் மற்றவர். "விண்ணப்பதாரரை முப்பது வருடமாக அறிவேன், சொல்வது எல்லாம் நம்பத்தக்கது" என்று கொட்வின் மனதார எழுதினார்.

பிறகு இரும்புப் பெட்டி. மாடிப்படிக்குக் கீழே தவமலரின் அரிசி மூட்டையும் இடியப்ப உரலும் இருந்த இடம் அரச காரியத்துக்காக எடுக்கப்பட்டது. சுவரில் நான்கு போல்ட் இறுக்கிப் பெட்டியைப் பூட்டினார்கள். தவமலர் புதிய சலவை மெஷினுக்கு வைப்பது போலப் பெட்டிக் கதவில் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் வைத்தார். "உள்ள என்ன வைச்சாலும் ஆருக்கும் ஒண்டும் ஆகாமல் இருக்கட்டும்," என்றார். கனகலிங்கம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இதுவரை எல்லாம் சுமுகம். அதன் பிறகுதான் அந்த வாசகம் கண்ணில் பட்டது: 'பெட்டியின் திறப்பு விண்ணப்பதாரரின் தனிக் கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள வேறெவரும் அது வைக்கப்படும் இடத்தை அறிந்திருத்தல் கூடாது.'

கனகலிங்கம் அதை மூன்று முறை வாசித்தார். அதற்கு முன், "இஞ்சேரும், என்ர கண்ணாடி எங்க?" என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு குடும்ப உண்மையைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் கனகலிங்கத்துக்கு ஒரு பொருள் இருக்கும் இடமும் தெரிந்ததில்லை. சீரகம், பாஸ்போர்ட், கார்த் திறப்பு, தன் கால்மேசு, எதற்கும் "இஞ்சேரும்" என்று ஒரு குரல். தவமலர் எந்த அறையில் நின்றாலும், திரும்பிப் பாராமல், இரண்டாவது லாச்சியில் இடப்பக்கம் என்று பதில் வரும். அதிலும் திறப்புகள் விசேஷம். அந்த வீட்டில் எந்தத் திறப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கேள்வி முடிய முன் தவமலருக்குப் பதில் வந்துவிடும். ஏன் அப்படி என்று கனகலிங்கம் ஒருநாளும் யோசித்ததில்லை. அவருக்கு அது தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு வசதி.

முதலில் திறப்பைச் சாமியறையில் வைரவர் படத்துக்குப் பின்னால் வைத்தார். வெள்ளிக்கிழமை படம் துடைத்த தவமலர், "இது உங்கட பெட்டித் திறப்பு," என்று தேத்தண்ணிக் கோப்பையோடு கொண்டுவந்து வைத்தார். பழைய கோட்டுப் பைக்குள் வைத்தார். கோட்டு ட்ரை கிளீனுக்குப் போக முன் திறப்பு திரும்பி வந்தது. தோட்டத்தில் கறிவேப்பிலைச் சாடிக்கு அடியில் புதைத்தார். கறிவேப்பிலை வாடியிருக்கிறதே என்று தவமலர் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"நீர் வேணுமெண்டு தேடுறீரோ?"

"நான் ஏன் தேடுறன்? அது தானா வருது."

உரிமப் பிரிவு அதிகாரி வரும் நாள் செவ்வாய்க்கிழமை என்று மின்னஞ்சல் வந்தது. அதற்கு இன்னொரு அவசரமும் இருந்தது. விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு மதிய விருந்து அடுத்த மாதம். அதில் 'மக்னம் மறவர்' என்ற பட்டம் சூட்டிப் பொன்னாடை போர்த்துவதாகக் கொட்வின் ஏற்பாடு செய்து, பனரும் அடித்துவிட்டார். உரிமம் கையில் இல்லாமல் அந்த மேடையில் ஏறுவதைக் கனகலிங்கத்தால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை தவமலர் கடைக்குப் போன நேரம் அவர் கூரைக்குக் கீழிருக்கும் லொஃப்டில் ஏறினார். அங்கே ஒரு நீலச் சூட்கேஸ். அதற்குள், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதித் தஞ்சம் கேட்டுக் குரொய்டனில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி. 'துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எனக்குக் கைகால் நடுங்கும். வாழ்நாளில் ஒரு ஆயுதத்தையும் தொட்டதில்லை' என்று சட்டத்தரணி தட்டச்சுச் செய்து, அவர் கையெழுத்து வைத்திருந்தார். அந்தக் கடைசிப் பக்கத்தின் பின்னால் மக்னம் பெட்டியின் திறப்பை ரேப் போட்டு ஒட்டினார். அந்தத் தாளை அவரே முப்பது வருடமாகத் திறக்கவில்லை. வேறு யார் திறக்கப் போகிறார்கள்?

கடையால் வந்த தவமலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முழங்காலெல்லாம் தூசு. லொஃப்டில ஏறினீங்களோ?"

கனகலிங்கம் கதையை மாற்றினார். "நாளைக்கு அந்த அதிகாரி உம்மட்டயும் கேப்பா. திறப்பு எங்க எண்டு. நீர் 'தெரியாது' எண்டு சொல்ல வேணும். ஒரு சொல்லு. எங்க, சொல்லும் பாப்பம்."

"தெரியாது."

"திறப்பு எங்க?"

"தெரியாது."

"இன்னொருக்கால். திறப்பு எங்க?"

"தெரியாது எண்டு சொல்லுறன் தானே. உங்களுக்கு அந்தச் சாமான் அவ்வளவுக்கு வேணுமெண்டால் நான் ஏன் குறுக்க நிக்கிறன்?" என்றார் தவமலர். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

செவ்வாய் காலை பத்தரைக்கு மணி அடித்தது. நல்ல மழை. வாசலில் நின்ற பெண் அதிகாரி உயரமானவர். கறுப்பு ஜாக்கெட், கழுத்தில் அட்டை, காலில் கணுக்கால் மூடிய கனத்த சப்பாத்து. அந்த வீட்டில் சப்பாத்தோடு எவரும் உள்ளே வந்ததில்லை. காஸ் மீற்றர் பார்க்க வருபவரும், ஒருமுறை மாரடைப்பு என்று பயந்து அழைத்தபோது வந்த அம்புலன்ஸ்காரரும்கூடக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். அன்று தவமலர் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். கழற்றச் சொல்லாமல், சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். விருந்தினருக்குக் காட்டும் மரியாதை என்று கனகலிங்கம் மகிழ்ந்தார்.

அதிகாரி பெட்டியைத் தட்டினார், இழுத்தார், போல்ட்டுகளை எண்ணினார். "நல்ல வேலை. இந்தப் பொட்டு என்ன?"

"அது மேலதிகப் பாதுகாப்பு," என்றார் கனகலிங்கம்.

அதிகாரி சிரித்தார். வரவேற்பறையில் உட்கார்ந்து காரணம் கேட்டார். "இலக்குச் சுடுதல்," என்றார் கனகலிங்கம், இரண்டே சொல்லில். உடல்நலம் சரி. சாட்சிகள் சரி. கொட்வினின் கடிதம் மிகச் சரி. இன்னும் ஒரு கேள்விதான் என்று அதிகாரி எழுந்து, பேனையோடு தவமலர் பக்கம் திரும்பி, சப்பாத்துச் சத்தம் கேட்க இரண்டடி வைத்தார்.

"திருமதி கனகலிங்கம், அந்தப் பெட்டியின் திறப்பு எங்கே இருக்கிறது?"

"மேல. லொஃப்டில. நீலச் சூட்கேஸ். உள்ளுக்க ஹோம் ஒபிஸ் பைல். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால ஒட்டியிருக்கும். இப்ப எடுத்துத் தாறன், இப்ப தாறன்."

ஆங்கிலத்தில், ஒரு சொல் தடக்காமல் சொன்னார். சொல்லும்போதே ஒரு கால் படியில் ஏறிவிட்டது. இரண்டு கையும் தோள் உயரத்துக்கு வந்திருந்தன. அவரை யாரும் கையை உயர்த்தச் சொல்லவில்லை. பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கையை மெல்லக் கீழே விட்டார்.

அதிகாரி பேனையை மூடிவிட்டார். "எடுத்துவர வேண்டாம்," என்றார் மெதுவாக. "உட்காருங்கள். யாரும் உங்களோடு கோபமில்லை." கனகலிங்கம் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தானும் உட்கார்ந்தார்.

கார் போன பிறகு அவர் வெடித்தார். "மூண்டு தரம் பழக்கினன்! ஒரு சொல்லு! 'தெரியாது' எண்டு ஒரு சொல்லு! லொஃப்டில எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"உங்கட முழங்கால் சொன்னது. மேல பூட்டுப் போடுற மாதிரி வேற என்ன கிடக்கு? படுக்க முதல் ஏறிப் பாத்தனான்."

"தெரிஞ்சால்? சொல்ல வேணுமோ?"

தவமலர் நனைந்த சப்பாத்துத் தடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஆனால் சப்பாத்தோட உள்ள வந்து, நிண்டுகொண்டு, திறப்பு எங்க எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத்தான் வரும். பிந்திச் சொல்ல எனக்குப் பயம்," என்றார். பிறகு, "அந்தப் பயம் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்று கேட்டார்.

கனகலிங்கத்துக்கு ரீவியில் ஏதோ செய்தி கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. திறப்பு விண்ணப்பதாரரின் தனிக் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் திருப்திப்படும் வரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. அவர் தந்த விளக்கம் போதுமானதாக இல்லை. அந்த வசனத்தின் அமைப்பை அவர் உடனே அடையாளம் கண்டார். கை தேர்ந்த எழுத்து.

"விருந்தை ஒத்தி வைப்பமோ?" என்று கொட்வினைக் கேட்டார்.

"அண்ணை, பனர் அடிச்சாச்சு," என்றார் கொட்வின். "லைசென்ஸ் வராட்டிலும் வீரம் வந்தது தானே. அதுக்குத்தான் பொன்னாடை."

ஆகவே அந்த ஞாயிறு மதியம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், இருநூறு பேர் முன்னிலையில் விழா நடந்தது. பனரில் கனகலிங்கம் ஆளுயரத்தில் றிவோல்வரோடு நின்றார். வால் நீளமாகப் போய்ப் பக்கத்திலிருந்த விளம்பரதாரரின் முகத்தில் முட்டியதால் வடிவமைப்பாளர் அதை வெட்டிவிட்டார். வால் போனதும் மனிதர் உண்மையாகவே பயங்கரமாக இருந்தார். பொன்னாடை விழுந்தது. கைதட்டினார்கள். மைக்கைப் பிடித்ததும் கனகலிங்கம், கதிரை இல்லாதபடியால், கால்களைச் சற்றுப் பின்னுக்கு வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"எண்பத்தேழாம் ஆண்டு. ஐப்பசி மாசம்..."

கப்டன் வந்தான். றிவோல்வர் நெற்றிக்கு வந்தது. முன்வரிசையில் தவமலர் எழுந்தார், வழக்கம்போல. சுற்றிப் பார்த்தார். சாப்பாடு வெளியிலிருந்து பெட்டிபெட்டியாக வந்திருந்தது. மண்டபத்தில் குசினி இல்லை. போக இடமில்லாமல் நின்றார்.

"ஒருக்கால் கேட்டான். ரெண்டாந்தரம் கேட்டான். நான் சொல்லேல்ல!" கனகலிங்கம் கைதட்டல் ஓய்வதற்குக் காத்திருந்தார். உரிமம் வராத கதை ஊருக்குள் கசிந்திருந்தது அவருக்குத் தெரியும். அதற்கும் ஒரு முடிவு கட்ட வேண்டும் அல்லவா? "நெத்தியில றிவோல்வர் இருந்தும் வாய் திறக்காத ஆள் நான். போன மாசம் ஒரு பொம்பிளை வந்து பேனையை நீட்டினா. என்ர மனுசி சூட்கேசின்ர நிறம் வரைக்கும் சொல்லிப் போட்டா!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நின்றுகொண்டிருந்த தவமலரைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு முகம் சிவக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தார்.

"ஓம், அவர் சொல்லேல்லத்தான்," என்றார். மைக் இல்லாமலே கேட்டது. "அவரை ஒருத்தரும் கேக்கேல்ல. கேட்டது என்னட்ட. எனக்கு அப்ப பதினேழு வயசு. றிவோல்வர் வைச்சது எங்கட அப்பான்ர நெத்தியில. முதல் தரம் கேட்க எனக்கு வாய் வரேல்ல. ரெண்டாந்தரம் அவன் சுத்தியலை இழுத்துப் போட்டுக் கேட்டான். தையல் மெஷின் லாச்சிக்குள்ள எண்டு சொன்னனான். அண்டையில இருந்து நான் ஒரு திறப்பும் எங்க எண்டு தெரியாமல் படுக்கிறேல்ல. கலியாணம் கட்டின புதுசில இதை இவருக்கு ஒருக்கால் சொன்னனான். நான் சொன்னபடியால் அப்பா உயிரோட இருந்தார். நான் சொன்னபடியால்தான் இவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கு."

கொட்வினுக்கு இருபது வருடப் பழக்கம் தானாக வாயில் வந்துவிட்டது. "அலுமாரிக்குள்ள என்ன அக்கா இருந்தது?"

"அம்மான்ர நாலு சீலை. என்ர ரெண்டு பள்ளிக்கூடச் சட்டை." தவமலர் உட்கார்ந்தார். "இவர் இஞ்ச வந்தது எண்பத்தஞ்சு மாசி. திகதி அந்த நீலச் சூட்கேசுக்குள்ள இருக்கு."

சொல்வது எல்லாம் நம்பத்தக்கது என்று பொலிசுக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்த கொட்வின், விரலை மடித்து எண்ணினார். பிறகு மேடையை நிமிர்ந்து பார்த்தார். பனரில் வால் இல்லாத றிவோல்வர். அதற்குக் கீழே பொன்னாடையும் மைக்குமாகக் கனகலிங்கம்.

"அப்ப அண்ணை," என்றார் கொட்வின், "எண்பத்தேழு ஐப்பசியில நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

ஒருக்கால் கேட்டார். இரண்டாந்தரம் கேட்டார். கனகலிங்கம் சொல்லவில்லை. முப்பது வருடமாகச் சொல்லி வந்த அந்த வீரத்தை அவர் செய்து காட்டியது அன்றுதான். இம்முறை அதற்கு இருநூறு சாட்சிகள் இருந்தார்கள்.